'போர்டு': பலகையில் தொடங்கிய ஒரு சொல்லின் வரலாறு

ஆங்கிலத்தின் 'போர்டு' என்னும் சொல்லைத் தமிழ்நாட்டில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. வகுப்பறையில் ஆசிரியர் எழுதுவது போர்டு. கடையின் முகப்பில் மாட்டியிருப்பது போர்டு. பத்தாம் வகுப்புத் தேர்வை நடத்துவதும், வீட்டுக்கு மின் இணைப்புத் தருவதும், நிறுவனத்தின் இயக்குநர்களாகக் கூடி முடிவெடுப்பதும் போர்டுதான். 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' என்று எழுதிய விடுதியில் அது சாப்பாட்டைக் குறிக்கிறது. விமான நிலையத்தில் தரப்படும் 'போர்டிங் பாஸ்' என்னும் சீட்டில் அது ஏறுதலைக் குறிக்கிறது. பலகை, சாப்பாடு, ஆட்சிக்குழு, ஏறுதல் என்று ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள் ஒரே சொல்லுக்குள் இருப்பதைத் தற்செயல் என்று கருதி, அகராதி எண்ணிட்டு அடுக்கும் பொருள்களை மனப்பாடம் செய்துகொள்வதே ஆங்கிலம் கற்பவர்களின் வழக்கமாக இருக்கிறது. ஆனால் அவற்றில் எதுவும் காரணமின்றிப் பிறந்ததன்று. ஏறத்தாழ ஒவ்வொரு பொருளும், ஒரு காலத்தில் மனிதர் ஒரு மரப்பலகையைக் கொண்டோ அதன் அருகிலோ செய்த ஒரு செயலிலிருந்து கிளைத்தது; பலகை மறைந்த பின்னும் சொல் அச்செயலைப் பற்றிக்கொண்டு நின்றது. இந்தக் கிளைகளை வேர் வரை பின்தொடர முடிகிறது என்பதே இச்சொல்லை ஆராய்ச்சிக்கு உரியதாக்குகிறது.

ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் வழங்கிய மொழியைப் பழைய ஆங்கிலம் என்பர். அம்மொழியில் 'போர்ட்' என்னும் வடிவில் இருந்த இச்சொல், அறுத்த மரப்பலகை, உணவு மேசை, கேடயம், கப்பலின் பக்கம் ஆகிய பொருள்களில் ஆளப்பட்டது. முதல் மூன்றும் பலகையால் செய்யப்பட்ட பொருள்கள் என்பதால் அவற்றின் உறவு எளிதில் விளங்கும். நான்காவதன் வரலாறு சற்று வேறானது. ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்காண்டிநேவிய மொழிகள் ஆகியவற்றுக்கு மூலமான ஜெர்மானியத் தொன்மொழியில், பலகையைக் குறித்த ஒரு சொல்லும், விளிம்பு அல்லது கரையைக் குறித்த மற்றொரு சொல்லும் ஒலியால் மிக நெருங்கி இருந்தன. கப்பலின் விளிம்பு பலகைகளால் ஆனதாகையால் இரண்டும் ஒன்றையே சுட்டும் இடங்கள் பலவாயின; காலப்போக்கில் இரண்டு சொற்களும் ஒரே சொல்லாகக் கலந்துவிட்டன. விளிம்பைக் குறித்த சொல்லைப் பிராங்கியர் என்னும் ஜெர்மானிய இனத்தாரிடமிருந்து பிரெஞ்சு மொழி தனியே பெற்றுக்கொண்டது. அதிலிருந்து பிரெஞ்சு ஆக்கிக்கொண்ட ஒரு சொல் மீண்டும் ஆங்கிலத்துக்குள் நுழைந்து 'பார்டர்' ஆயிற்று. சேலையின் கரையைப் 'பார்டர்' என்று சொல்லும் தமிழ்ப் பெண்கள், 'போர்டு' என்னும் சொல்லின் நெருங்கிய உறவொன்றையே ஆள்கிறார்கள்.

கேடயப் பொருள் இன்று முற்றிலும் வழக்கொழிந்தது. ஆயினும் சொல்லின் பழமையை அறிய அதுவே நல்ல சான்று. பழைய ஆங்கிலம் பேசிய ஆங்கிலோ-சாக்சன் வீரர்களின் கேடயம் பெரும்பாலும் இலேசான மரப்பலகைகளை ஒட்டி, வட்டமாக வெட்டி, நடுவே இரும்புக் குமிழ் பொருத்திச் செய்யப்பட்டது. ஆகவே கேடயத்தைப் 'பலகை' என்றே கவிஞர்கள் பாடினர். 937ஆம் ஆண்டு நடந்த புருனான்பர் போரைப் பற்றிய பழைய ஆங்கிலப் பாடலில், வீரர்கள் கேடயங்களை ஒன்றோடொன்று சேர்த்து நிறுத்தும் அணிவகுப்பு 'பலகைச் சுவர்' என்று பொருள்படும் கூட்டுச்சொல்லால் குறிக்கப்படுகிறது. 991ஆம் ஆண்டின் மால்டன் போரைப் பற்றிய பாடலிலும் படைத்தலைவன் கேடயத்தை உயர்த்திப் பேசும் இடத்தில் 'போர்ட்' என்னும் சொல்லே வருகிறது. தமிழ் அகராதிகள் 'பலகை' என்னும் சொல்லுக்கு நெடும்பரிசை, அதாவது நீண்ட கேடயம், என்னும் பொருளையும் தருகின்றன. அதனோடு உறவுடைய வடமொழிப் 'பலகம்' என்னும் சொல்லுக்கும் பலகை, கேடயம், சூதாடு பலகை என்னும் பொருள்கள் உண்டு. ஒன்றுக்கொன்று தொலைவான இரண்டு மொழிச் சூழல்களில், ஒரே பொருட்காரணத்தால் ஒரே பொருள்விரிவு நிகழ்ந்திருப்பது சொல்லாராய்ச்சியில் போற்றத்தக்க சான்றாகும். ஏனெனில், பொருள்விரிவு என்பது மொழியின் மனம்போன போக்கன்று, பொருள்களின் இயல்பை ஒட்டியே நிகழ்வது என்பதை அது உறுதிப்படுத்துகிறது.

இச்சொல் தன் பழமையை மிக நன்றாகக் காத்துவைத்திருக்கும் இடம் கப்பல். கப்பலின் வலப்பக்கத்தை ஆங்கிலத்தில் 'ஸ்டார்போர்டு' என்பர். இதன் முதற்பகுதிக்கும் வானத்து நட்சத்திரத்துக்கும் எந்த உறவும் இல்லை; அது 'ஸ்டியர்' என்னும், திசைதிருப்புதலைக் குறிக்கும் வினையோடு உறவுடைய பழைய சொல். கப்பலின் பின்முனையில் நடுவே பொருத்தப்படும் சுக்கான் ஐரோப்பாவில் பரவுவதற்கு முன், வட ஐரோப்பியக் கப்பல்களில் அகன்ற துடுப்பு ஒன்று பின்பகுதியின் வலப்பக்கத்தில் கட்டப்பட்டிருந்தது. அதைத் திருப்பியே கப்பலைச் செலுத்தினர். 1880இல் நார்வேயின் கோக்ஸ்டாட் என்னும் இடத்து மண்மேட்டிலிருந்து தோண்டி எடுக்கப்பட்ட, 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த வைக்கிங் என்னும் ஸ்காண்டிநேவியக் கடலோடிகளின் கப்பலில் இந்தத் துடுப்பு வலப்பக்கத்தில் இருந்ததைக் காண முடிகிறது. சுக்கான்துடுப்பு இருந்த பலகைப்பக்கமே 'ஸ்டார்போர்டு'. துடுப்பைப் பிடித்து நின்றவனின் முதுகு மறுபக்கம் திரும்பியிருந்ததால், இடப்பக்கத்துக்கு 'முதுகுப்பக்கம்' என்று பொருள்படும் 'பேக்போர்ட்' என்னும் பெயர் வழங்கியது. ஆங்கிலோ-சாக்சன் மன்னன் ஆல்பிரடிடம் ஓதர் என்னும் நார்வே நாட்டு மாலுமி தன் வடகடற் பயணத்தை விவரித்த பதிவு 9ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நமக்குக் கிடைக்கிறது. வழி முழுவதும் நிலம் ஸ்டார்போர்டு பக்கமும், திறந்த கடல் பேக்போர்ட் பக்கமும் இருக்கத் தான் வடக்கே சென்றதாக அவன் சொல்லும் இடத்தில் இரண்டு சொற்களும் அருகருகே வருகின்றன.

இடப்பக்கத்தின் இந்தப் பழைய பெயரை ஜெர்மன் மொழி இன்றும் வழங்குகிறது, ஆங்கிலம் இழந்துவிட்டது. இடைக்கால ஆங்கிலத்தில் அதன் இடத்தை வேறொரு சொல் பிடித்தது. சரக்கு ஏற்றும் பக்கம் என்று பொருள்பட்டிருக்கலாம் எனக் கருதப்படும் அச்சொல், ஸ்டார்போர்டின் ஓசைக்கு இணங்க மெல்ல உருமாறி 'லார்போர்டு' ஆயிற்று. சுக்கான்துடுப்பு வலப்பக்கம் இருந்ததால் அது நசுங்காதபடி கப்பலின் இடப்பக்கத்தையே துறைமுக மேடையை ஒட்டி நிறுத்துவது மாலுமிகளின் பழக்கமாக இருந்தது. ஆகவே சரக்கு ஏற்றுவதும் துறைமுகத்தை நோக்கியிருப்பதும் இடப்பக்கமே ஆயிற்று. ஆனால் ஓசையொற்றுமை கேடாக முடிந்தது. புயல் இரைச்சலுக்கிடையே கப்பல்தலைவன் கூவும் கட்டளையில் 'ஸ்டார்போர்டு', 'லார்போர்டு' இரண்டும் ஒன்றுபோலக் கேட்டால், கப்பல் எதிர்ப்புறமாகத் திருப்பப்படும் இடர் இருந்தது. எனவே 'துறைமுகம்' என்று பொருள்படும் 'போர்ட்' என்னும் வேறொரு சொல்லை இடப்பக்கத்துக்கு வழங்கும் பழக்கம் மாலுமிகளிடையே வளர்ந்தது. 1844இல் பிரிட்டிஷ் கடற்படை அதையே விதியாக்கி, 'லார்போர்டு' என்பதை விலக்கியது. 1846இல் அமெரிக்கக் கடற்படையும் அவ்வாறே ஆணையிட்டது. பலகையைக் குறிக்கும் 'போர்டு', துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்ட்' ஆகிய இரண்டும் தமிழ் எழுத்தில் ஓரெழுத்தால் மட்டுமே வேறுபட்டாலும், முன்னது ஜெர்மானியச் சொல், பின்னது இலத்தீன் வழி வந்த சொல் என்பதை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும்.

கப்பலின் பக்கப்பலகையைத் தாண்டுவதே கப்பலுக்குள் நுழைவதாதலால், 'பலகைமேல் இருத்தல்' என்னும் தொடர் கப்பலில் இருப்பதையும், 'பலகையேறுதல்' என்னும் வினை கப்பலில் ஏறுவதையும் குறித்தன. போரில் எதிரியின் கப்பலை நெருங்கி அதன் பக்கத்தைத் தாண்டிக் குதித்துக் கைப்பற்றுவதற்கும் இதே வினை ஆளப்பட்டது. பாய்மரம் முறிந்து பக்கப்பலகையைக் கடந்து கடலில் விழுவதைச் சொன்ன ஒரு தொடர், இன்று கைவிடப்பட்ட திட்டங்களையும் கொள்கைகளையும் பற்றிப் பேசப் பயன்படுகிறது. கப்பலிலிருந்து இவ்வினை ரயிலுக்கும் பின்னர் விமானத்துக்கும் பரவியது. விமானத்தின் உலோக உடலில் ஒரு மரப்பலகையும் இல்லாதபோதும், மீனம்பாக்கத்தில் வரிசையில் நிற்பவர் கையிலிருக்கும் சீட்டில் வைக்கிங் காலத்துக் கப்பற்பக்கத்தின் பெயர் அச்சாகியிருக்கிறது. புதிதாக வேலையில் சேர்ந்தவருக்கு நிறுவனத்தின் நடைமுறைகளைப் பழக்குவதை அலுவலகங்கள் 'ஆன்போர்டிங்' என்பதும் இக்கிளையின் அண்மைத் தளிரே.

இனி மேசையைக் காணலாம். இடைக்கால இங்கிலாந்தின் பெருங்கூடங்களில், நான்கு கால்களோடு நிலையாகப் பொருத்தப்பட்ட மேசை பொதுவழக்கன்று. உணவு வேளையில் முக்காலி போன்ற தாங்கிகளை நிறுத்தி, அவற்றின் மேல் நீண்ட பலகைகளைப் பரப்பித் துணி விரிப்பர். உண்டு முடிந்ததும் அனைத்தையும் பிரித்துச் சுவரோரம் சாய்த்துவைப்பர். பகலில் உண்ட கூடமே இரவில் பணியாளர் பலர் உறங்கும் இடமாகவும் இருந்ததால் இந்த ஏற்பாடு தேவையாயிற்று. ஆகவே உண்ணும் இடம் பலகையாகவே காணப்பட்டது, பலகை என்றே அழைக்கப்பட்டது. பிரெஞ்சு வழியாக வந்த 'டேபிள்' என்னும் சொல் பிற்பாடு மேசைக்கு உரிய பெயராக நிலைத்தது. அதன் மூலமான இலத்தீன் 'தபுலா'வும் பலகையையே குறித்த சொல். ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வீஜிய மொழிகளில் மேசைக்கு இன்றளவும் 'போர்ட்' என்றே பெயர். வகைவகையான உணவுகளை ஒரு மேசையில் பரப்பி வைக்கும் ஸ்வீடிஷ் விருந்தின் பெயராகிய 'ஸ்மோர்காஸ்போர்ட்' என்பதில் இறுதியாக நிற்பது அந்தச் சொல்லே. தமிழில் 'மேசை' என்பதும் வந்தேறிய சொல்தான். போர்த்துகீசியரின் 'மேசா' அது. தரையில் இலையிட்டு உண்ட சமூகத்துக்கு உண்ணும் மேசை தேவைப்படவில்லை. பொருளும் பெயரும் சேர்ந்தே கப்பலில் வந்திறங்கின.

மேசையிலிருந்து அதன்மேல் வைக்கும் உணவுக்குப் பொருள் நகர்ந்தது. ஒருவருக்கு நாள்தோறும் தரப்படும் சாப்பாடே 'போர்டு' எனப்பட்டது. பணம் கொடுத்துப் பிறர் வீட்டில் உண்டு தங்குபவர் 'போர்டர்' ஆனார். மாணவர்க்கு உணவளித்துத் தங்கவைக்கும் பள்ளி 'போர்டிங் ஸ்கூல்' ஆயிற்று. தமிழகத்துப் பழைய விடுதிகளின் முகப்பில் காணப்படும் 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' என்னும் எழுத்துகளின் முதற்சொல் உணவையும் இரண்டாம் சொல் உறைவிடத்தையும் குறிக்கின்றன. பலரும் இத்தொடரை ஒரே பொருளின் இரட்டிப்பாகக் கொள்கின்றனர். உணவில்லாமல் அறை மட்டும் தரும் இடமே 'லாட்ஜ்' என்னும் தமிழக வழக்கு, பழைய வேறுபாட்டைச் சரியாகவே காத்துவருகிறது.

இப்பொருள் சட்டத்துக்குள்ளும் புகுந்தது. இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்கள், திருமண உறவை முற்றிலும் அறுக்காமல் கணவனையும் மனைவியையும் தனித்து வாழ மட்டும் அனுமதித்த தீர்ப்பை இலத்தீனில் 'மேசையினின்றும் படுக்கையினின்றும் பிரிதல்' என்று பொருள்படும் தொடரால் வழங்கின. ஆங்கிலத்தில் அது 'படுக்கையும் போர்டும்' பிரிதல் எனப்பட்டது. சேர்ந்து உண்ணுதலும் சேர்ந்து உறங்குதலும் இல்லறத்தின் இரண்டு தூண்களாகக் கருதப்பட்டதை இத்தொடர் தெளிவாகக் காட்டுகிறது. 1857ஆம் ஆண்டின் சட்டம் இங்கிலாந்தில் இதன் பெயரை 'நீதிமுறைப் பிரிவு' என்று மாற்றியது. இந்தியக் கிறித்தவர்களுக்கு உரிய 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டமும், பழைய இலத்தீன் தொடரைப் பெயர் சுட்டி விலக்கி, அதன் இடத்தில் நீதிமுறைப் பிரிவை வைத்தது.

வீட்டுப் பொருள்களில் இந்த மேசைப்பொருளின் தடம் 'கப்போர்டு' என்பதில் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் இச்சொல், செல்வர்கள் தம் வெள்ளிக் கிண்ணங்களைப் பிறர் காண அடுக்கிவைத்த திறந்த மேசையைக் குறித்தது; பிற்காலத்தில் அதற்குப் பக்கங்களும் கதவுகளும் சேர்ந்தன, கிண்ணங்கள் மறைந்தன, அது எதையும் வைத்துப் பூட்டும் நிலைப்பேழை ஆயிற்று. அதையே தமிழர் 'அலமாரி' என்னும் மற்றொரு போர்த்துகீசியச் சொல்லால் அறிந்தனர். சீட்டாட்டத்தில் கைகளை மேசைக்குக் கீழே கொண்டுபோகாமல் அனைவரும் காணும்படி வைத்திருப்பதே நேர்மை எனப்பட்டதால், ஒளிவுமறைவற்ற நடத்தை 'பலகைக்கு மேல்' எனப்பட்டதும் 17ஆம் நூற்றாண்டு முதல் வழங்கும் வழக்கு.

மேசையைச் சுற்றி உண்பவர்கள் இருந்ததுபோலவே, ஆலோசிப்பவர்களும் இருந்தனர். அரசனின் ஆலோசகர்கள் கூடிய மேசை முதலில் 'ஆலோசனைப் பலகை' ஆயிற்று; 16ஆம் நூற்றாண்டு வாக்கில் மேசையின் பெயர் அதைச் சுற்றி அமர்ந்தவர்களுக்கே ஆகிவந்தது. தமிழ் இலக்கணத்தார் இதை இடவாகுபெயர் என்பர்: இடத்தின் பெயர் அவ்விடத்தில் உள்ளவர்க்கு ஆதல். ஆட்சியின் பெயர்களுள் அறைகலன்களிலிருந்து பிறந்தவை வியக்கத்தக்க அளவு மிகுதி. எழுதும் மேசைமேல் விரித்த முரட்டுத் துணியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லே மேசைக்கும் பின்னர் அலுவலகத்துக்கும் பெயராகி 'பீரோ' ஆயிற்று. தமிழ் வீடுகளில் அது இரும்புப் பேழையைக் குறிப்பது வேறொரு திருப்பம். இங்கிலாந்தின் கருவூலத்தின் பெயராகிய 'எக்ஸ்செக்கர்', கணக்குப் பார்க்கக் கட்டங்கள் கோடிட்ட துணி விரித்த மேசையிலிருந்து வந்தது. 12ஆம் நூற்றாண்டில் ரிச்சர்டு பிட்ஸ்நீல் எழுதிய நூல் அம்மேசை ஏறத்தாழ பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் கொண்டது என்று அளவு சொல்கிறது. நீதிபதிகள் அமர்ந்த விசிப்பலகை 'பெஞ்ச்' என்று நீதிபதிகளையே குறிக்கிறது. அதிகாரம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. அதைப் பேசுவதற்கு மக்கள் கண்ணுக்குத் தெரிந்த மரத்தையும் துணியையும் பற்றிக்கொண்டனர்.

சொல்லின் கடற்கிளையும் மேசைக்கிளையும் ஒன்றுசேர்ந்த இடம் ஒன்று உண்டு. லண்டன் ஒயிட்ஹாலில் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட கடற்படைத் தலைமையகத்தில், கடற்படையை நிர்வகித்த அட்மிரால்டி போர்டின் கூட்ட அறையில் நீண்ட மேசை ஒன்றும், அதற்கு எதிரே சுவரில் காற்றின் திசையைக் காட்டும் வட்டத்தகடு ஒன்றும் இருந்தன. கூரைமேல் சுழலும் காற்றுக்காட்டியோடு அத்தகட்டின் முள் இணைக்கப்பட்டிருந்ததால், மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எழாமலே, தங்கள் கப்பல்கள் புறப்பட முடியுமா, எதிரியின் கப்பல்கள் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முடியுமா என்பதை அறிந்தனர். பாய்மரக் காலத்தில் ஒரு பேரரசின் முடிவுகள் அந்த முள்ளைப் பார்த்தே எடுக்கப்பட்டன. 'லார்போர்டு' என்னும் சொல்லை மாலுமிகளின் வாயிலிருந்து நீக்கிய 1844ஆம் ஆண்டு ஆணை, இந்தப் போர்டு இட்டது.

இந்தியாவுக்கு இச்சொல் ஆட்சியின் சொல்லாகவே வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியைக் கண்காணிக்க 1784இல் பிரிட்டிஷ் பிரதமர் பிட் கொண்டுவந்த சட்டம் லண்டனில் ஒரு கட்டுப்பாட்டுப் போர்டை அமைத்தது. 1858இல் கம்பெனி ஆட்சி முடியும்வரை அது இயங்கியது. 1786இல் சென்னையில் நிறுவப்பட்ட வருவாய்ப் போர்டு, நிலவரி, பாசனம், பஞ்ச நிவாரணம் என்று தமிழகக் குடியானவனின் வாழ்வைத் தொட்ட எல்லாவற்றையும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் முடிவுசெய்தது. திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்பதை முதலில் எடுத்துக்காட்டிய எல்லிஸ் தம் பணியின் தொடக்கக் காலத்தில் இதன் அலுவலகத்திலேயே செயலாளராக இருந்தார். 1980இல் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் அந்தப் போர்டு கலைக்கப்பட்டது. அதன் நடவடிக்கைத் தொகுதிகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. சிற்றூர் மக்களிடம் இச்சொல்லைக் கொண்டுசேர்த்தது 1884ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்னும் அமைப்புகள் சாலை போட்டன, மருத்துவமனையும் பள்ளியும் நடத்தின. 'போர்டு ஹைஸ்கூல்' என்னும் பெயர் தமிழகத்தின் பல ஊர்களில் இரண்டு மூன்று தலைமுறைகளின் படிப்போடு கலந்தது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு ஒருபடி மேலே சென்று, தானே வரி திரட்டி, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894இல் ஒரு ரயில்பாதையையே திறந்தது.

விடுதலைக்குப் பின் ஆட்சித்தமிழ் உருவானபோது இச்சொல்லுக்கு ஈடாக 'வாரியம்' தேர்ந்தெடுக்கப்பட்டது. இது தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தின் மிகச் சிறந்த தேர்வுகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரில், முதலாம் பராந்தகச் சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளுக்கு உரிய, அதாவது 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த, கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கின்றன. ஊர் குடும்பு எனப்பட்ட 30 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோரின் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. ஏதும் அறியாச் சிறுவன் ஒருவன் அவற்றை எடுத்தான். 35 வயதுக்குக் குறைந்தவரும் 70 வயதைக் கடந்தவரும் தகுதி பெறவில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். தேர்வு பெற்றவர்களில் பன்னிருவர் ஆண்டு வாரியமாகிய சம்வத்சர வாரியத்துக்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும், அறுவர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர். குறிப்பிட்ட ஒரு பொதுப்பணிக்கு மட்டும், குறிப்பிட்ட காலத்துக்குப் பொறுப்பேற்கும் சிறு குழு என்பதே அங்கு வாரியத்தின் பொருள். 'போர்டு' என்பதன் ஆட்சிப்பொருளும் அதுவே. கல்வெட்டில் உறங்கிய சொல் இவ்வாறு மின் வாரியமாகவும், வீட்டு வசதி வாரியமாகவும், குடிநீர் வடிகால் வாரியமாகவும் எழுந்து நின்றது. பேச்சில் மட்டும் 'எலக்ட்ரிசிட்டி போர்டு' என்பதன் சுருக்கமாகிய 'ஈ.பி.' இன்னும் நீங்கவில்லை. 1957இல் அமைந்த மின் வாரியம் 2010இல் பிரிக்கப்பட்டு வேறு பெயர்களைப் பெற்ற பின்னும், மின்தடையைச் சொல்லத் தமிழர் தேடிப்போவது 'ஈ.பி. ஆபீஸ்' தான்.

தமிழ் வழங்கும் பிற நாடுகள் வேறு சொற்களைத் தேர்ந்தன. இலங்கையில் இதே வகை நிறுவனம் 'சபை' ஆகிறது: இலங்கை மின்சார சபை. சிங்கப்பூரில் அது 'கழகம்': வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், சுருக்கமாக வீவக. சபை கூடியிருப்போரையும், கழகம் கூடும் இடத்தையும் முன்னிறுத்தும் சொற்கள்; திருக்குறளின் சூது அதிகாரத்தில் கழகம் என்பது சூதாடுமிடத்தைக் குறித்து நின்றது. மூன்றும் தத்தம் நாட்டில் வேரூன்றிவிட்டன. எனினும், பணியையும் பொறுப்பையும் முன்னிறுத்தும் தனிச்சொல்லாக, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய நடைமுறைச் சான்றோடு நிற்பது வாரியமே.

பலகையையே நேரடியாக அவையின் பெயராக்கும் வாய்ப்பும் தமிழுக்கு இருந்தது என்பதை இங்கே மறந்துவிடலாகாது. திருவிளையாடற் புராணம் சொல்லும் சங்கப் பலகை, மதுரையில் புலவர்களுக்கு இறைவன் அளித்ததாகக் கூறப்படுவது. தகுதியுடைய புலவர் வந்தால் அது நீண்டு இடம் கொடுத்தது என்பது கதை. ஆங்கிலேயர் பலகையைச் சுற்றி நாற்காலியில் அமர்ந்து அவையாயினர். தமிழ்க் கதையில் புலவர் பலகையின் மேலேயே அமர்ந்தனர். பலகையில் இடம் பெறுதலே அங்கீகாரம் என்னும் எண்ணம் இரு மரபுக்கும் பொது. ஆயினும் தமிழில் சங்கப் பலகை ஒரேயொரு புனிதப் பொருளின் பெயராக நின்றுவிட்டதால், 'பலகை' என்னும் சொல் ஆட்சிக்குழுவின் பொதுப்பெயராக வளரவில்லை.

எழுதுவதற்கும் காட்டுவதற்கும் உரிய பலகைகளின் வரலாறு எளியது. அவற்றில் சொல்லின் மூலப்பொருள் பெரிதும் மாறவில்லை. கரும்பலகை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிகளில் பரவியது. அதற்குச் சற்று முன், சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார்; 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலின் வழியே அது 'மதராஸ் முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளை அடைந்தது. விசைகளைத் தாங்கிய பலகை 'கீபோர்டு' ஆகி, தமிழில் சொல்லுக்குச் சொல் 'விசைப்பலகை' என்று நிலைத்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பின் வந்த 'தமிழ்99' அமைப்பு அதற்குத் தமிழ் எழுத்துகளின் வரிசையைத் தந்தது.

மின்னணுவியலில் இச்சொல் புகுந்த வழி இன்னும் எளிமையானது. 1920களில் வீட்டிலேயே வானொலிக் கருவி செய்து பார்த்த ஆர்வலர்கள், ரொட்டி அறுக்கும் சமையற்கட்டுப் பலகையை எடுத்து, அதில் ஆணியும் திருகும் அடித்து, உறுப்புகளைக் கம்பியால் பிணைத்துச் சோதித்தனர். இன்று பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் மாணவர் கையாளும், வரிசை வரிசையாகத் துளைகள் இட்ட வெண்ணிற நெகிழித் துண்டுக்கு 'பிரெட்போர்டு' என்று பெயர் வந்தது அதனால்தான். ரொட்டியும் இல்லை, மரமும் இல்லை. கணினிக்குள் இருக்கும் 'மதர்போர்டு' இந்த வழியில் வந்த பேத்தி.

நகரப் பேருந்து ஒன்றை எடுத்துக்கொண்டால் அதில் இச்சொல் மூன்று இடங்களில் இருக்கிறது. முகப்பில் ஊர்ப்பெயர் காட்டும் போர்டு, முன்பு வண்ணம் தீட்டிய தகடாக இருந்து, இப்போது பல வண்டிகளில் ஒளிரும் எழுத்தாகிவிட்டது. படிக்கட்டில் தொங்கிச் செல்வோர் நிற்பது ஃபுட்போர்டு. குதிரைவண்டியில் காலை ஊன்ற வைத்த பலகையின் பெயர் அது. ஓட்டுநருக்கு முன்னே வேகமும் எரிபொருளும் காட்டும் பகுதி டேஷ்போர்டு. 'டேஷ்' என்பது இங்கே சேறு தெறித்தலைக் குறிக்கிறது: மழைக்காலத்துச் சாலையில் குதிரையின் குளம்பு வாரியடிக்கும் சேறு வண்டியோட்டியின் மேல் படாமலிருக்க, அவன் காலுக்கு முன்னே மரத்தாலோ தோலாலோ தடுப்பு வைக்கப்பட்டது. குதிரை போய் இயந்திரம் வந்தபோதும் அத்தடுப்பு அதே இடத்தில் நின்றது. கருவிகளைப் பொருத்த வசதியான இடம் அதுவே ஆயிற்று. இப்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக் கணினித் திரையில் நலத்திட்டங்களின் கணக்கை ஒருசேரக் காட்டும் பக்கத்துக்கும் டேஷ்போர்டு என்றே பெயர் வழங்குகிறது.